பதினோராம் தளத்து மேசை

ஊர் திரும்பி ஒன்பது நாளாகிறது.
கடல் எப்படி இருந்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
சின்னக்கடை வீதியில் தட்டுவடை செட்டுக்கு நிற்கையில்
தனபாக்கியம் கேட்டாள்:
"கப்பல்ல சாப்பாடெல்லாம் எப்படிங்க?"
சாப்பாடு என்றுதான் கேட்டாள்.
நான் இனிப்பில் ஆரம்பித்தேன்.

பெயின்ட் கம்பெனி கொடுத்த பரிசு.
இலக்கை முடித்த கடைக்காரர்களுக்கு
மனைவியோடு நான்கு இரவு.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நாங்கள்,
ஆத்தூரிலிருந்து சித்தேஸ்வரனும் நல்லம்மாளும்.
பாஸ்போர்ட் எடுத்ததே அதற்காகத்தான்.

இரவு பத்து மணிக்குப்
பதினோராம் தளத்தில் மேசை நிறையும்.
பனிக்கட்டியில் செதுக்கிய ஓர் அன்னம்,
அதன் காலடியில் முப்பத்திரண்டு வகை.
எண்ணினேன். எண்ணுவது என் தொழில்.
இருபத்தோரு வருஷமாக
ஜவ்வரிசி மூட்டையில் குத்தூசி விட்டு
ஒரு கைப்பிடி எடுத்து
வெண்மை இத்தனை, ஈரம் இத்தனை, உடைசல் இத்தனை
என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள்.
பார்க்க அழகு என்பதற்காக
ஒரு மூட்டையும் என்னிடம் தேறியதில்லை.

ஆகவே கேள், தனபாக்கியம்.
பச்சைக் கேக் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான்.
சிவப்புக் கேக்கும் அதே பச்சைக் கேக்.
கண்ணை மூடிக்கொண்டால்
முப்பத்திரண்டும் நாலு.
க்ரீம் கரையவே இல்லை,
மேலண்ணத்தில் ஒரு கோட் ப்ரைமர் அடித்துவிட்டுப் போனது.
மாம்பழ மூஸ் என்று ஒன்று.
வண்டிக்காரன் அழுகல் என்று ஒதுக்கிய குண்டு மாம்பழம்
அதைவிட மாம்பழமாக இருக்கும்.

சித்தேஸ்வரன் ஒப்புக்கொள்ளவில்லை.
"சும்மா வர்றதுக்குப் போய் மார்க் போடறீங்களே"
என்றார், மூன்றாம் தட்டோடு.
"சர்க்கரை கம்மிங்க, அதான் நல்லது"
என்றாள் நல்லம்மாள்.
அத்தனை பேச்சில்
இவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

இவர். அர்த்தநாரி.
வீட்டில் அரை லட்டுக்கு
என் முகத்தைப் பார்க்கிறவர்.
ஏற்காட்டுக்குப் போனாலும்
சர்க்கரையில்லாத காபியைக் குடித்துவிட்டு
மலையைத் திட்டுகிறவர்.
அன்றிரவு ஏழு தட்டு.
எண்ணினேன்.
வாய் திறக்கவில்லை.

மூன்றாம் இரவு
சின்னக் கண்ணாடிக் கோப்பையில்
தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி வந்தது.
ஸ்பூனில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஒவ்வொரு மணியின் நடுவிலும் வெள்ளைக் கண்.
வேகவில்லை.
சமைத்தவரைக் கூப்பிடு என்றேன்.
இவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

வந்தவன் சின்னப் பையன்.
நெஞ்சில் ரோமெல் என்று பெயர்ப்பட்டை.
அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், எனக்கு அதைவிடக் கொஞ்சம்.
மணியை விரலால் நசுக்கிக் காட்டினேன்,
என் வாட்சில் பத்து நிமிஷத்தைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் தன் வாட்சில்
விடியற்காலை நாலைத் தொட்டான்,
அங்கிருந்து முள்ளை இரண்டு சுற்றுக்குக் கொண்டுபோனான்.
பிறகு, "மூவாயிரம் கோப்பை மேடம்."

நாலாம் இரவும் வெள்ளைக் கண் இருந்தது.
கொஞ்சம் சின்னதாக.
நான் முழுக் கோப்பையும் தின்றேன்.

"அப்ப நல்லா இல்லியா, இருந்துச்சா?"
தனபாக்கியத்துக்குத் தட்டுவடை வந்துவிட்டது,
பீட்ரூட் துருவல் விரல் வழியே வழிகிறது.
எங்கள் சான்றிதழில் கடைசியாக ஒரு கட்டம்,
'குறிப்பு' என்று.
இருபத்தோரு வருஷத்தில்
அதில் நான் ஒன்றும் எழுதியதில்லை.

எதிர்ச்சாரியில் இவர் யாரிடமோ
முப்பத்திரண்டு வகை, முப்பத்திரண்டு வகை என்று
கை விரித்துக்கொண்டிருக்கிறார்.
சட்டைப்பையில் நேற்றைய ரத்தச் சீட்டு:
இருநூற்று எண்பத்தாறு.

கடலா?
மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்
கண்ணாடி வழியாகத் தெரியும் என்றார்கள்.
நான் அப்படி உட்காரவில்லை.